மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அம்மாவின் உயில்

பண்டைக் காலத்தில் பெண்களுக்கு உரிமையே இல்லை, காலம் செல்லச் செல்லத்தான் ஒவ்வொன்றாகக் கிடைத்தது என்றுதான் பள்ளி நாள்களில் நான் நம்பியிருந்தேன். பல்கலைக்கழக வரலாற்றுப் பாடத்திற்காக அண்மையில் படித்த ஓர் உயில் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

அந்த உயிலுக்குரியவர் நவுநாக்தே. எகிப்திய மன்னர்களின் கல்லறைகளை அமைத்த தொழிலாளர்கள் வாழ்ந்த டெய்ர் எல் மதீனா என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். ஏறத்தாழ கி.மு. 1145இல், ஐந்தாம் ராம்சேஸ் மன்னர் காலத்தில், அவர் ஊர் நீதிமன்றத்தின் முன் நின்றார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். ஆனால், முதுமையில் சில பிள்ளைகள் அவரைக் கவனிக்கவில்லை. தம்மைப் பார்த்துக்கொண்டவர்களுக்கே தம் சொத்து என்று சாட்சிகளின் முன்னிலையில் அவர் அறிவித்தார். ஒரு மகனுக்கு மட்டும் வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்தார்.

அப்போது அவருடைய கணவர் உயிரோடுதான் இருந்தார். தந்தையின் சொத்தில் பிள்ளைகளுக்குள்ள பங்கில் நவுநாக்தே கை வைக்கவில்லை. அவர் பங்கு வேறு, தம் பங்கு வேறு என்பதில் தெளிவாக இருந்தார். அந்த உயில் இன்று ஆக்ஸ்ஃபர்டில் உள்ள அஷ்மோலியன் அரும்பொருளகத்தில் இருக்கிறது.

எகிப்தியப் பெண்கள் எல்லாவற்றிலும் ஆண்களுக்குச் சமமாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. அரசுப் பதவிகள் பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தன. ஆனால் சொத்து வாங்கவும் விற்கவும் வழக்குத் தொடுக்கவும் பெண்களால் முடிந்தது.

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, புகழ்பெற்ற ஏதென்ஸ் நகரில் நிலைமை வேறு. ஒரு மெடிம்னோஸ் அளவு பார்லியின் மதிப்பைத் தாண்டினால் பெண் தானாக ஒப்பந்தம் செய்ய முடியாது. பின்னர் எகிப்தைக் கிரேக்கர்கள் ஆண்டபோது, கிரேக்கச் சட்டப்படி எழுதும் ஒப்பந்தத்திற்குப் பெண்ணுக்கு ஆண் பாதுகாவலர் தேவைப்பட்டார். எகிப்தியச் சட்டப்படி எழுதினால் தேவையில்லை. இங்கிலாந்தில் மணமான பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆக, காலம் நகர்ந்தால் உரிமை தானாக வளர்வதில்லை. ஓரிடத்தில் இருந்த உரிமை, பிறகு வந்த ஆட்சியில் சுருங்கியும் போகலாம்.

நவுநாக்தேயின் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். “எட்டுப் பிள்ளை இருந்தும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிடுச்சே, பாவம்,” என்றார். நான் பார்த்தது அவருடைய உரிமையை. பாட்டி பார்த்தது அவருடைய வேதனையை. அந்த வேதனையைச் சபையில் சொல்லவும், அதற்கேற்ப முடிவெடுக்கவும் அவருக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது.