சிறு கணினிக்கு ஏற்ற செயலி எது?

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டுப் புனேயில் வந்து குடியேறிய நம்மவரில் பெரும்பாலோருக்கு வாய்த்திருப்பது ஒன்றிரண்டு அறைகள் கொண்ட வீடேயாகும். அதே அறையில்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும். வீட்டின் முதியோர் உறங்க வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினரும் தங்க வேண்டும். இந்நிலையில் பிள்ளைகளின் கல்விக்கென ஒரு கணினி வாங்க முனையும் பெற்றோர், மேசைக்கடியில் இரும்புப் பெட்டி போல் இடத்தை அடைக்கும் பெரிய கணினியை விரும்பாது, புத்தக அலமாரியிலேயே அடங்கிவிடும் சிறு கணினியை நாடுவது இயல்பே. அந்நாட்டம் நல்லதே. ஆயின் அச்சிறு பெட்டிக்குள் எந்த ப்ராசஸரை, அதாவது எந்தச் செயலியை, பொருத்துவது என்பதில்தான் பலர் இடறிவிடுகின்றனர். கடைக்காரர் கூறும் உச்ச வேகத்தைக் கேட்டு மகிழ்ந்து வாங்கி விடுகின்றனர். சித்திரை மாத வெயிலில் அது மூச்சுத் திணறும்போது வருந்துகின்றனர். பல மாதச் சேமிப்பைக் கொண்டு வாங்கும் பொருளாதலின், இதனைச் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்திக் கொள்வோம். செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. 65 வாட் உண்ணும் செயலி 65 வாட் வெப்பத்தை அறைக்குள் உமிழ்கின்றது. ஒரு மனிதர் வாளாவிருக்கையில் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகின்றார். எனவே 200 வாட் செலவிடும் கணினி ஒன்றை அறையில் வைப்பது, இரண்டு விருந்தினரை நிரந்தரமாக அமர்த்தி வைப்பதற்கு ஒப்பாகும். விருந்தினராவது மூன்றாம் நாள் ரயிலேறி விடுவர். கணினி அவ்வாறு புறப்படாது.

அடுத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை எவ்வாறு படிப்பது என்று காண்போம். இன்டெல் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட கோர் ஐ5-12400 என்னும் செயலியை எடுத்துக் கொள்வோம். அதற்குக் குறிக்கப்பட்ட அடிப்படை அளவு 65 வாட். ஆனால் வேலை மிகும்போது அது 117 வாட் வரை உட்கொள்ளலாம் என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. முன்னதைக் கண்டு ஆறுதல் கொள்பவர் பின்னதைக் காணத் தவறிவிடுகின்றனர்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. மும்பையிலிருந்து புனே நோக்கி வரும் வண்டிகள் கர்ஜத்தைக் கடந்ததும் போர் காட் மலைப்பாதையில் ஏற வேண்டியிருக்கின்றது. 37 அடி சென்றால் ஓர் அடி உயரும் கடும் ஏற்றம் அது. ஆதலால் பல வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்புறம் துணை இன்ஜின்களை இணைக்கின்றனர். அவை வண்டியைத் தள்ளி லோனாவளாவில் சேர்த்ததும் கழற்றி விடப்படுகின்றன. செயலியின் டர்போ வேகமும் இத்தகைய துணை இன்ஜினே. சிறிது நேர ஏற்றத்திற்கு அது பெரிதும் உதவும். ஆயின் சிறு பெட்டியில் அதனை நெடுநேரம் ஓட்ட இயலாது. உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி, செயலி தன் வெப்ப எல்லையைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். உச்ச வேகத்திற்கென்று கொடுத்த பணம் அங்கே பயனற்றுப் போகின்றது.

சிறு பெட்டியில் வெப்பம் ஏன் தேங்குகின்றது? தைவான் நாட்டின் வியா நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வகுத்த மினி ஐ.டி.எக்ஸ். என்னும் அளவே இன்று சிறு கணினிகளில் பெரிதும் வழங்குகின்றது. அதன் மதர்போர்டு பக்கத்திற்கு 17 சென்டிமீட்டர் மட்டுமே உடையது. மெலிந்த பெட்டிகளில் செயலியின் மீது அமரும் ஹீட் சிங்க்கும் விசிறியும் சேர்ந்து நான்கு விரற்கடை உயரம்கூட இருக்க இயலாது. உலோகத் தகடுகளின் பரப்புக் குறைந்தால், அதே வெப்பத்தை அகற்ற விசிறி மிக விரைந்து சுழல வேண்டும். விரைந்து சுழன்றால் இரைச்சல் மிகும். பிள்ளை படிக்கும் அறையில், முதியவர் உறங்கும் வேளையில், அவ்விரைச்சல் சிறு தொல்லையன்று.

இதனோடு நமது ஊரின் வெயிலையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். அயல்நாட்டு ஆய்வாளர் பலர் தம் சோதனைகளை 20 பாகையை ஒட்டிய குளிர்ந்த அறைகளில் நடத்துகின்றனர். விசிறியும் ஹீட் சிங்க்கும் அறைக்காற்றைக் கொண்டே செயலியைக் குளிர்விப்பதால், அறை எத்தனை பாகை உயர்கின்றதோ ஏறத்தாழ அத்தனை பாகை செயலியும் உயரும். 22 பாகை அறையில் 78 பாகை காட்டும் செயலி, 38 பாகை அறையில் 94 பாகையை எட்டிவிடும். அந்த எல்லையிலோ அதனை ஒட்டியோதான் பல செயலிகள் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் புனேயில் வெப்பம் 40 பாகையைத் தொடுவது நாம் அறிந்ததே. தேர்வும் நுழைவுத் தேர்வும் நெருங்கும் காலமும் அதுவே.

அப்படியாயின் வேகத்தை முற்றிலும் துறந்துவிட வேண்டுமா? அவ்வாறன்று. செயலியின் மின்செலவு அதன் துடிப்பு வேகத்தையும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் சார்ந்தது. வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால், கடைசிச் சிறு வேகத்திற்கே பெருஞ்செலவு நேர்கின்றது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதனால் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க முடியுமாயின், மின்செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும்.

இதற்குக் கண்கூடான சான்று ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரு செயலிகள். ரைசன் 5 7600எக்ஸ் 2022ஆம் ஆண்டில் வந்தது. எக்ஸ் எழுத்தில்லாத 7600 அடுத்த ஆண்டில் வந்தது. இரண்டிற்கும் ஆறு உட்கருக்களே. முன்னதன் உச்ச வேகம் 5.3 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 5.1. வேறுபாடு நூற்றுக்கு நான்கு பங்கு. ஆனால் குறிக்கப்பட்ட அளவோ முன்னதற்கு 105 வாட்; பின்னதற்கு 65 வாட். இன்டெல்லிலும் இவ்வாறே, பெயரின் இறுதியில் 'டி' எழுத்துடைய ஐ5-12400டி, 35 வாட் என்று குறிக்கப்பட்டு 74 வாட்டுக்குள் அடங்குகின்றது. அதன் உச்ச வேகம் 4.4க்குப் பதிலாக 4.2 கிகாஹெர்ட்ஸ். சிறு பெட்டிக்கு ஏற்றவை இந்த இளைய உடன்பிறப்புகளேயாம். பல மதர்போர்டுகளில் செயலி உட்கொள்ளும் வாட் அளவிற்கு நாமே வரம்பு விதிக்கும் வசதியும் உண்டு.

பெரிய நிறுவனங்களும் இப்பாடத்தை இடர்ப்பட்டே கற்றன. துடிப்பு வேகத்தையே துரத்திச் சென்ற இன்டெல்லின் பென்டியம் 4 வரிசை, 2004ஆம் ஆண்டளவில் 100 வாட்டைத் தாண்டிச் சூடேறியது. அதனை அடுத்து வரவிருந்த தேஜஸ் என்னும் செயலியை அந்நிறுவனம் அவ்வாண்டிலேயே கைவிட்டது. மடிக்கணினிக்கெனக் குறைந்த மின்சாரத்தில் இயங்குமாறு உருவான வழியைப் பின்பற்றியே 2006இல் கோர் 2 செயலிகள் வெளிவந்தன. ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் எம்1 செயலியுடன் வெளியிட்ட மேக்புக் ஏர் மடிக்கணினியில் விசிறியே இல்லை.

நாம் வாழும் புனேயும் இவ்வரலாற்றில் பங்கு கொண்டதே. 1976ஆம் ஆண்டின் க்ரே-1 என்னும் அமெரிக்கப் பெருங்கணினியைக் குளிர்விக்கக் குளிர்பதனப் பெட்டியில் பயன்பட்ட ஃப்ரியான் திரவம் தேவைப்பட்டது. அத்தகைய பெருங்கணினி நம் நாட்டிற்கு மறுக்கப்பட்ட நிலையில், 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப் பெற்றது. விஜய் பட்கர் தலைமையில் அங்கு உருவாகி 1991இல் வெளிவந்த பரம் 8000, ஒரே பெருஞ்செயலியை நம்பாது டிரான்ஸ்ப்யூட்டர் என்னும் சிறு செயலிகள் பலவற்றை இணைத்துச் செய்ததாகும். 2013இல் வந்த பரம் யுவா 2, தனக்கு முந்தியதைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைந்த மின்சாரத்தில் இயங்குவதாக அறிவிக்கப்பட்டது. பெருங்கணினி அமைப்போருக்கே வெப்பம் முதற்கவலையாக இருக்கையில், அலமாரிக் கணினி அமைக்கும் நாம் அதனைப் புறக்கணித்தல் தகுமோ?

இனி, யாருக்கு எது பொருந்தும் என்பதைக் கூறுவோம். பாடம் கேட்டல், கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல் ஆகியவை மட்டுமே தேவையெனில், 2023இல் வந்த இன்டெல் என்100 போன்ற செயலி போதும். நான்கு உட்கருக்கள் கொண்ட அது 6 வாட் என்று குறிக்கப்பட்டது. மதர்போர்டிலேயே பதிந்து வருவதால் பின்னர் மாற்ற இயலாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். பொறியியல் பயிலும் மாணவருக்கும், நிரல் எழுதுவோருக்கும், படத்தொகுப்புச் செய்வோருக்கும் 65 வாட் அளவிலுள்ள, கிராஃபிக்ஸ் வசதியைத் தன்னுள் கொண்ட செயலி தக்கது. இன்டெல் செயலியின் பெயர் இறுதியில் 'எஃப்' எழுத்து இருப்பின் அதில் அவ்வசதி இராது. தனி கார்டு வாங்க வேண்டிவரும். சிறு பெட்டியில் அதுவும் ஓர் அடுப்பாகும். கனமான விளையாட்டுகளும் முப்பரிமாணப் படவேலையும் தேவைப்படுவோர் சிறு பெட்டியையே மறந்து பெரிய பெட்டியை வாங்குவதே அறிவுடைமை.

மின்கட்டணத்தில் பெரும் சேமிப்பை எதிர்பார்க்க வேண்டா. 60 வாட் குறைவாகச் செலவிடும் கணினியை நாள்தோறும் ஐந்து மணி நேரம் இயக்கினால் மாதத்திற்கு 9 யூனிட் மிச்சமாகும், அவ்வளவே. உண்மையான ஆதாயம் வேறு. மின்வெட்டின்போது யு.பி.எஸ். கூடுதல் நேரம் தாங்கும், விசிறி அடங்கியிருக்கும், அறை சூடேறாது, தேர்வு நாளில் கணினி தளராது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமலும், மூடிய அலமாரிக்குள் அடைக்காமலும், மாதம் ஒருமுறை தூசு தட்டியும் வந்தால் இந்நலன்கள் நீடிக்கும்.

புத்வார் பேட்டின் தப்கீர் கல்லிக்கோ வேறு கடைத்தெருவிற்கோ செல்லும் அன்பர்கள், உச்ச வேகம் என்னவென்று கேட்குமுன் மூன்று வினாக்களைக் கேட்பாராக. இச்செயலி மிகுதியாக உட்கொள்ளும் வாட் எத்தனை? இப்பெட்டிக்குள் எத்தனை உயரமுள்ள ஹீட் சிங்க் அமரும்? கிராஃபிக்ஸ் வசதி செயலிக்குள்ளேயே உண்டா? இம்மூன்றிற்கும் தெளிவான விடை தரும் கடையில் வாங்கலாம். விடை தராது வேகத்தையே மீண்டும் மீண்டும் புகழும் கடையை விட்டு அடுத்த கடைக்கு நடப்பதில் இழப்பொன்றுமில்லை.