வேப்பங்கொட்டையின் உயிரைக் குடிக்கும் டப்பா! பத்திரப்படுத்தினால் முளைக்காது

மரம் வளர்க்கும் ஆசையில் டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தும் வேப்பங்கொட்டை, 2, 3 வாரத்திலேயே செத்துப்போகிறது!

சென்னையில் ஆனி மாதம் வேப்பமரத்தடி எங்கும் மஞ்சள் பழம் கொட்டிக் கிடக்கும். கொட்டையைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, டப்பாவில் மூடி வைக்கிறார்கள் பலர். "ஐப்பசி மழை வரட்டும், போட்டுக்கலாம்" என்பது அவர்கள் கணக்கு.

மழை வரும். முளை வராது. பழி மண் மேல் விழும். உண்மைக் குற்றவாளி டப்பாதான்!

காரணம் என்ன?

வேப்பங்கொட்டை நெல், கேழ்வரகு போல அல்ல. அதிக நாள் தாங்காது. பலா, நாவல் கொட்டை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்தால் உயிர் போச்சு. மாங்கொட்டையும் அப்படித்தான். பழம் தின்ற வாரமே மண்ணுக்குள் போக வேண்டும்.

புளியங்கொட்டை மட்டும் கெட்டி. மாதக்கணக்கில் கிடந்தாலும் முளைக்கும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துப் போட வேண்டும்.

பால் கவர் போதும்

காசு செலவு இல்லை. காலி பால் கவரின் அடியில் நாலு ஓட்டை போடுங்கள். மண், மணல், மக்கிய எரு கலந்து நிரப்புங்கள். வேப்பம்பழத்தின் சதையைக் கழுவிவிட்டு, கொட்டையை ஒரு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்தால், 1 முதல் 3 வாரத்தில் முளை எட்டிப் பார்க்கும்.

மாங்கொட்டையின் மேல் ஓட்டைப் பிளந்து, பருப்பை மட்டும் போட்டால் சீக்கிரம் முளைக்கும்.

பங்கனப்பள்ளி காய்க்குமா?

காய்க்கும். ஆனால் தின்ற அதே ருசி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் விற்கும் பழம் ஒட்டு மரத்தில் காய்த்தது. அதே பழம்தான் வேண்டும் என்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். நிழலுக்குக் கொட்டைக்கன்றே போதும்.

வேர் சுருண்டால் ஆபத்து

கன்றைக் கவரிலேயே வருஷக்கணக்கில் விடக்கூடாது. வேர் வட்டமாகச் சுருண்டுவிடும். நட்ட பிறகும் அது நேராகாது. மரம் பெரிதானாலும் மண்ணில் பிடிப்பு இருக்காது.

2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயல் அடிக்கும் ஊரில் வேர்தான் மரத்துக்குக் காவல்.

ஆனியில் போட்ட வேப்பங்கொட்டை, ஐப்பசி மழைக்குள் சாண் உயரக் கன்றாகிவிடும். அப்போதே கவரைக் கிழித்துவிட்டுத் தரையில் நட வேண்டும். மின்சாரக் கம்பிக்கு அடியிலும் சுவரை ஒட்டியும் வேண்டாம். தெருவோரம் என்றால், மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்று வீட்டுக்குப் பலாச்சுளை வாங்கிப் போகிறீர்களா? கொட்டையெல்லாம் குழம்புக்குப் போகட்டும். ஒன்றை மட்டும் இன்று ராத்திரியே மண்ணில் போட்டுவிடுங்கள்!