சர்க்கரை நோயோடு வெளிநாடு செல்லும் வணிகர்களுக்கு

நம் சங்க உறுப்பினர்களில் பலர் பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போய் வருகிறோம். கொள்முதலுக்குப் போவோரும், ஹஜ் பயணம் செல்வோரும் உண்டு. இவர்களில் சர்க்கரை நோயாளிகள் குறைவல்ல. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. முன்கூட்டியே கணக்குப் பார்த்துப் புறப்பட்டால் போதும்.

மருந்து கைப்பையில்

இன்சுலின், ஊசி, மாத்திரை, சர்க்கரை பார்க்கும் கருவி அனைத்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டி வேறு ஊருக்குப் போய்விடலாம். அங்குள்ள குளிரில் இன்சுலின் உறைந்தும் போகலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டியதுதான். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். பிரித்தது பெரும்பாலும் 4 வாரம் வெளியில் தாங்கும். ஆனால் 30 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. தேவையைப் போல் இரு மடங்கு இருப்பு வையுங்கள். மருந்தின் மூலப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டும் உடனிருக்கட்டும்.

அளவில் கவனம்

ஊருக்கு ஊர் படி மாறுவது நமக்குப் புதிதல்ல. நம் நாட்டில் குப்பி இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருப்பது வழக்கம். வெளிநாடுகளில் பெரும்பாலும் 100 யூனிட். 40க்கு உரிய ஊசியில் 100 மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட்! உயிருக்கே ஆபத்து. ஆகவே அங்கே மருந்து வாங்க நேர்ந்தால் அதற்குரிய ஊசியையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியாவில் ரத்தச் சர்க்கரையை வேறு அலகில் சொல்வார்கள். அதை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அவர்களுடைய 10, நமக்கு 180.

சாப்பாடும் நேரமும்

ஸ்ரீமுஷ்ணத்தாருக்குப் பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை. விருத்தாசலம் போய், ரயிலேறி, திருச்சியோ சென்னையோ சேர்ந்து, விமான நிலையத்தில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். சாப்பாடு தவறுவது இங்கேதான். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்குவதற்கு அடையாளம். 70க்குக் கீழ் போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியை விமானத்தில் தட்டு கைக்கு வந்த பிறகே போட வேண்டும். கூட வருபவரிடம் நோயைச் சொல்லி வைப்பது நல்லது.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. துபாய் ஒன்றரை மணி பிந்தியது. இதனால் பெரிய மாற்றம் தேவைப்படாது. லண்டன், அமெரிக்கா போனால் நாள் நீளும். மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காலும் காப்பீடும்

புதுச் செருப்போடு புறப்படாதீர்கள். ஹஜ் செல்வோர் மிகுதியாக நடக்க வேண்டியிருப்பதால் இரவுதோறும் பாதத்தைப் பார்க்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது நோயை மறைக்கக் கூடாது; மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவு ஓராண்டு லாபத்தையே விழுங்கிவிடும் என்பதை நாம் மறக்க வேண்டாம்.