ஊசிமுனையில் ஒரு பூந்தோட்டம்

செடியில் மலர்ந்த பூ மாலைக்குள் வாடிவிடும். துணியில் மலர்ந்த பூ தலைமுறை கடந்தும் வாடாது. இக்கலையை நாம் 'பூத்தையல்' என்கிறோம். பெயரிலேயே பூ இருக்கிறது. ஆங்கிலத்திலும் இத்தகைய உறவுடைய சொல் ஒன்று உண்டு. நடுவதற்காகச் செடியிலிருந்து வெட்டியெடுக்கும் கிளைத்துண்டை அவர்கள் 'ஸ்லிப்' என்பர். தனித்துணியில் தைத்து, வெட்டியெடுத்து, வேறொரு துணியில் பதிக்கும் பூவுருவத்துக்கும் அதுவே பெயர். தோட்டமும் தையலும் அந்நாட்டில் ஒரு வேரிற் கிளைத்தவை எனலாம்.

குடிசைத் தோட்டம்

இங்கிலாந்தின் சிற்றூர் உழைப்பாளர் தம் குடிசையைச் சுற்றிக் காய்கறியும் மூலிகையும் பயிரிட்டனர். இடையிடையே பூச்செடிகளும் வளர்த்தனர். சுவரோரம் உயர்ந்த ஹாலிஹாக், மணிமணியாய்த் தொங்கும் ஃபாக்ஸ்க்ளவ், மணங்கமழும் லாவெண்டர், வாயிலின்மீது படரும் ரோஜா என அவை நெருங்கி வளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைநகரங்கள் பெருகியபோது, அத்தோட்டம் நகரத்தாரின் ஏக்கமாயிற்று. அவ்வழகைப் புதுப்பித்தவருள் தலையாயவர் கெர்ட்ரூட் ஜீகல் அம்மையார் (1843-1932). ஓவியத்திலும் பூத்தையலிலும் வல்லவரான இவர், கண்பார்வை குன்றியதால் அந்நுண்பணிகளைக் கைவிட நேர்ந்தது. நூலால் செய்த வண்ணச் சேர்க்கையைப் பின்னர் மலர்களால் செய்தார்.

தேநீர் விரிப்பு

மாலைத் தேநீர் விருந்தை 1840ஆம் ஆண்டளவில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா தொடங்கிவைத்தார் என்பது வழக்கு. இரவு உணவு காலந்தாழ்ந்து உண்ணப்பட்டமையால், இடையில் எழுந்த பசியைத் தணிக்கவே இஃது எழுந்ததாம். அவ்விருந்துக்கு மேசைவிரிப்பு, தட்டுத்துணி, தேநீர்க் கெண்டியின் சூடு காக்கும் உறை முதலியன தேவைப்பட்டன. அவற்றில் குடிசைத் தோட்டம் குடியேறியது. 1920, 1930களில், தாளில் அச்சிட்ட கோலத்தைச் சூடான இஸ்திரிப்பெட்டியால் துணியில் பதித்துத் தைக்கும் முறை இல்லந்தோறும் பரவியது.

தையல்முறையோ எளியது. தண்டுக்குக் காம்புத் தையல். இதழுக்கு லேசி டெய்சித் தையல். லாவெண்டர் மொட்டுகளுக்கு நூலை ஊசியிற் சுற்றி இழுக்கும் பிரெஞ்சு முடிச்சு. ஒரே பச்சையைப் பயன்படுத்தாது, இளம்பச்சை, கரும்பச்சை, சாம்பற்பச்சை என மூன்றையும் கலந்தால் தோட்டத்தின் நெருக்கம் துணியில் தோன்றும்.

பெயரற்ற கைகள்

இக்கலையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். ஓவியர் வில்லியம் மோரிஸின் மகள் மே மோரிஸ், 1885இல் தம் இருபத்துமூன்றாம் அகவையில் தந்தையின் நிறுவனத்துப் பூத்தையல் பிரிவின் பொறுப்பேற்றவர். அவர் வரைந்த கோலங்கள் சில தந்தையின் பெயரால் வழங்கியதும் உண்டு. கலைஞர் கழகம் மகளிரை ஏற்காமையால், 1907இல் மகளிர்க்கெனத் தனிக்கழகம் அமைத்தார். புகழ்பெற்ற குடும்பத்தவர்க்கே இந்நிலையெனில், இல்லத்திலிருந்து தைத்த ஆயிரமாயிரம் பெண்களின் பெயரை யார் அறிவர்?

அவ்விரிப்பின்மீது வைக்கப்பட்ட கோப்பையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்த்தொழிலைத் தொடங்கிய பின்னர், மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்தவருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்களின் பெண்களே. விரிப்பில் இலை தைத்தவள் ஒருத்தி. கோப்பைக்கு இலை பறித்தவள் ஒருத்தி. முன்னவளுக்கு அது ஓய்வுப் பொழுதின் இன்பம்; பின்னவளுக்கோ வயிற்றுப்பாடு. இருவர் நிலையும் ஒன்றன்று. எனினும் இருவர் பெயரும் ஏட்டில் ஏறவில்லை.

நம் இல்லங்களிலும் பாட்டியரும் அன்னையரும் பூத்தையலிட்ட தலையணை உறைகளும் கைக்குட்டைகளும் பெட்டிகளுக்குள் உறங்குகின்றன. மாணவர்கள் அவற்றை எடுத்துப் பார்த்து, தைத்தவர் யார், எந்த ஆண்டில் தைத்தார் என்று கேட்டு எழுதிவைப்பார்களாக! பூவை வாடாமற் காத்த கைகளின் பெயரையும் வாடாமற் காப்பது நம் கடனாகும்.