பச்சை பெல்ட்டில் ஒரு ரிவால்வர்

மல்லாங்கிணறில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சிலிருந்து நகர்ந்து வந்து அந்த அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, இடுப்புல வச்சுக்கிட்டுப் போறதுக்குத் தோதா ஒரு துப்பாக்கி சொல்லுங்க. வெளிய தெரியக் கூடாது. அமுக்குனா வெடிக்கணும்."

வத்தலும் மல்லியும் வாங்கி விருதுநகர் கமிஷன் கடைகளுக்கு அனுப்புகிறவர் அவர். வசூல் பணத்தோடு ராத்திரியில் பைக்கில் தனியாகத் திரும்புவது வழக்கம். போன மாதம் கண்மாய்க் கரையில் இரண்டு பேர் வண்டியை மறித்தார்களாம். என்ன நினைத்தார்களோ, ஒன்றும் செய்யாமல் விலகிவிட்டார்கள். செய்திருந்தால்கூட இவ்வளவு தூக்கம் கெட்டிருக்காது என்றார். பேரன் செல்போனில் அமெரிக்க வீடியோக்களைக் காட்டியிருக்கிறான். கிளாக், சிக் சாவர், நைன் எம்.எம்., ஹாலோ பாயிண்ட் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அதில் ஒன்றுகூட நமக்கு ஆகாது என்று சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. 9 எம்.எம். தோட்டா இந்தியாவில் 'தடை செய்யப்பட்ட போர்', அதாவது தடை செய்யப்பட்ட குழல் அளவு. படையும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா எந்தத் துப்பாக்கிக்குள் போகுமோ, அது பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. .303, .455 எல்லாம் அந்தப் பட்டியலில்தான். சாதாரண ஆளுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, இல்லையென்றால் .22. .32 ரிவால்வர் தோட்டாவின் வேகமும் எடையும் சேர்ந்து தரும் சக்தி, 9 எம்.எம்.மில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 1980களின் நடுவிலேயே வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் தாராளமாக இறக்குமதி செய்வதும் நின்றுபோனது. அதனால்தான் தாத்தா காலத்து வால்தர், பிரௌனிங் பிஸ்டல்கள் இன்றைக்கும் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன.

ஆக, கடையில் பரப்பிவைத்துப் பொறுக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் ஒன்று. பன்னிரண்டு போர் இரட்டைக்குழலை மடக்குவதுபோல் நடுவில் மடக்கித் தோட்டா போடும் பழைய பாணி. 2014 ஜனவரியில் அதையே டைட்டானியம் கலந்த உலோகத்தில் 500 கிராமுக்கு இளைக்கவைத்து 'நிர்பீக்' என்று விற்றார்கள். டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென்றே வந்த துப்பாக்கி என்று விளம்பரம். விலை 1 லட்சத்து 22 ஆயிரத்துச் சொச்சம். பயந்து பயந்து வேலைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணிடம் அந்தப் பணம் இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. 700 கிராம். தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே வரும், மடக்க வேண்டியதில்லை. செய்வது அதே கான்பூர் நிறுவனம்தான். நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இப்போது அந்த நிறுவனத்தின் கீழ்தான் வருகிறது. பிஸ்டல்தான் வேண்டும் என்றால் கொல்கத்தா காசிப்பூரின் 'அஷானி' இருக்கிறது. 2020லிருந்து உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்ளி அண்ட் ஸ்காட் என்ற பழைய இங்கிலாந்துக் கம்பெனியின் பெயரிலும் .32 ரிவால்வர் தயாராகிறது.

"ரிவால்வரா, பிஸ்டலா?" என்றார் அண்ணாச்சி. வருஷத்துக்கு நாலு தடவைகூடச் சுட்டுப் பழகாதவருக்கு ரிவால்வர்தான் என்பது என் கட்சி. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது முன்னால் வந்துவிடும். பிஸ்டலில் மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்துச் செத்த தோட்டாவைத் தள்ள வேண்டும். கை நடுங்குகிற நேரத்தில், இருட்டில், அது எல்லாருக்கும் வராது.

சட்டம் ஒரு விஷயத்தில் அண்ணாச்சி பக்கம் இருக்கிறது. மறைத்து வைத்துக்கொள்ள அமெரிக்காவின் பல மாநிலங்களில் தனி அனுமதி கேட்கிறார்கள். நம் ஊரில் தலைகீழ். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோனால் உறையில் போட்டு முழுக்க மூடியிருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். வெளியே காட்டுவதுதான் குற்றம். கல்யாண வீட்டில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை.

ஆனால் எங்கே மறைப்பது? அமெரிக்கக்காரன் தோல் பெல்ட்டும் ஜீன்ஸும் ஜாக்கெட்டும் போட்டவன். அண்ணாச்சி கட்டியிருப்பது வேட்டி. அதன் மேல் பச்சை பெல்ட். சில்லறை, வெற்றிலை, செல்போன், கடன் சீட்டு எல்லாம் அதற்குள்தான். அதில் 700 கிராம் இரும்பைத் தொங்கவிட்டால் வேட்டி எந்தப் பக்கம் போகும் என்று அவரே இடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். அது போக, சித்திரை வெயிலில் இடுப்பு வேர்வை. உப்பு ஏறி இரும்பு துருப்பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. உறைக்குள்ளேயே விட்டுவைத்தால் தோல் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

துப்பாக்கியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற யாரும் தோட்டாவைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. சிவகாசிப் பிள்ளைகள் தரையில் வைத்துக் கல்லால் தட்டும் பொட்டு வெடி இருக்கிறதே, தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமரும் அதன் பங்காளிதான். அடி பட்டால் பொறி. பொறி பட்டால் மருந்து. 1807இல் இந்த உத்திக்குக் காப்புரிமை வாங்கியவர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். பழைய சிக்கிமுக்கித் துப்பாக்கியின் நெருப்பைப் பார்த்ததும் பறவைகள் பறந்துவிடுகின்றன என்பது அவருடைய குறை.

மழைக்கு நமத்துப்போன சரவெடி எப்படி இருக்கும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். பித்தளைக் கூடு இருப்பதால் தோட்டா அவ்வளவு சீக்கிரம் நமக்காது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கும் வேர்வையும் வருஷக்கணக்கில் பட்டால் அதுவும் கெடும். வெடிக்காத தோட்டாவைவிட அரைகுறையாக வெடிப்பது ஆபத்து. 'டமார்' என்று வர வேண்டிய இடத்தில் 'புஸ்' என்று வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அப்போது பதற்றத்தில் அடுத்த முறை விசையை இழுத்தால் வெடிப்பது குழல். சுட்டுப் பழகும்போது சத்தமே வராவிட்டாலும் உடனே திறந்து பார்க்கக் கூடாது. ஆளில்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். திரி அணைந்த லட்சுமி வெடியைக் கையில் எடுக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதையேதான்.

தோட்டா கெட்டுப்போனதால் தமிழ்நாட்டின் சரித்திரமே வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா சுட்டார். எம்.ஜி.ஆரின் காதோரம் பாய்ந்த குண்டு கழுத்தில் நின்றது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். கைக்கெட்டும் தூரத்தில், வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வரால், இரண்டு பேர் மீதும் குண்டு பாய்ந்தும் இரண்டு பேரும் பிழைத்தார்கள். தடயவியல் தரப்பு சொன்ன காரணம் எளிமையானது. பல வருஷத்துக்கு முன் வாங்கிய தோட்டாக்கள். மேசை இழுப்பறைக்குள் டப்பாவில் கிடந்து, திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உருண்டு உரசிக் குண்டின் பிடிமானம் தளர்ந்துபோயிருந்தது. குண்டுக்கு வேகம் வரவில்லை. கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த சுவரொட்டி அடுத்த மாதத் தேர்தலில் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப புதுத் தோட்டாவா வாங்கி அப்பப்ப மாத்திக்கிடணும்." ஆமாம். ஆனால் கையில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

லைசென்ஸ் என்றால் இந்தப் பக்கத்தில் வேறு அர்த்தம். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று பட்டாசுக்குத்தான் சொல்வார்கள். துப்பாக்கிக்கு ஆட்சியர் அலுவலகம். பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. கிடைத்தால் ஐந்தாண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால், வங்கிக் காவலர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். 2016 முடிவில் உத்தரப் பிரதேசத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் லைசென்ஸ் இருந்தபோது தமிழ்நாட்டில் இருந்தது இருபதாயிரத்துச் சொச்சம். நம் அதிகாரிகள் கை அவ்வளவு இறுக்கம். அது இறுக்கமாகவே இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அண்ணாச்சியிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் விண்ணப்பத்தோடு வந்தார். பேரன் அழகாகப் பூர்த்தி செய்திருந்தான். பெயர், தொழில், முகவரி எல்லாம் சரி. எதற்காகத் துப்பாக்கி என்ற இடத்தில் 'உயிருக்கு ஆபத்து' என்று எழுதியிருந்தது.

"யாரால ஆபத்துன்னு கேப்பாங்களே அண்ணாச்சி. முன்னாடி எதும் புகார் குடுத்திருக்கீங்களான்னும் கேப்பாங்க."

கண்மாய்க் கரையில் மறித்த இரண்டு பேரில் ஒருவனை அவருக்கு அடையாளம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தூரத்துச் சொந்தமாம். அந்தப் பெயரை எழுதினால் பங்குனிப் பொங்கலுக்குள் ஊரே இரண்டாகிவிடும் என்றார். தாளை நான்காக மடித்துப் பச்சை பெல்ட்டுக்குள் வைத்துக்கொண்டு, "வசூலைப் பகல்லயே முடிச்சிருவோம்" என்று காரியாபட்டி பஸ்ஸுக்குக் கை காட்டினார்.