மதியத்துக்குள் தீர்ந்துபோகும் கறி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் லாக்ஹார்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. பார்பிக்யூ எனப்படும் புகையில் வாட்டிய கறிக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பழைய கடைகளில் கறியை எடைபோட்டு வெட்டி, பழுப்புத் தாளில் வைத்துக் கொடுப்பார்கள். 1900-இல் தொடங்கிய கிரொய்ட்ஸ் மார்க்கெட்டில் நெடுங்காலம் முள்கரண்டியும் கிடையாது, சாஸும் கிடையாது. ஆஸ்டினிலோ, பிராங்ளின் பார்பிக்யூ கடை காலை 11 மணிக்குத் திறக்குமுன்பே வாசலில் வரிசை நீண்டுவிடும். கறி தீர்ந்ததும் கடை மூடிவிடும். வாடிக்கையாளரை இப்படிக் காக்கவைப்பது வெறும் விளம்பர உத்தி என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாளுக்கும் தராசுக்கும் காரணம் கடையின் பிறப்பு. தீர்ந்துபோவதற்குக் காரணம் கறியின் குணம்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் நடத்திய கசாப்புக் கடைகளில், விற்காமல் நின்ற கறியைப் புகைபோட்டு விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை வாங்கி, பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே தின்றார்கள். கசாப்புக் கடையில் தட்டு ஏது? கறியின் கதைதான் நீளமானது. இக்கடைகளின் பெருமை 'பிரிஸ்கெட்' எனும் மாட்டு நெஞ்சுக்கறி. மாட்டுக்குக் காறை எலும்பு இல்லாததால் உடம்பின் முன்பாரத்தை நெஞ்சுத் தசைகளும் சேர்ந்து தாங்குகின்றன. அதனால் அங்கே கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் மிகுதி. அவசரமாகச் சுட்டால் செருப்புத்தோல்தான். ஓக் விறகின் புகையில், 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில், 12 மணி நேரமோ அதற்கு மேலோ கிடந்தால்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி, கறி பூப்போல ஆகும். கறியின் உட்சூடு 70 டிகிரியை நெருங்கும்போது ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம், வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பதுபோல, கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு நேரம் பிடிப்பதால், இன்றைக்கு எவ்வளவு விற்கும் என்பதை நேற்றே முடிவுசெய்தாக வேண்டும். நண்பகலில் கூட்டம் பெருகினால் உடனே இன்னொரு துண்டு போட வழியில்லை.

கூடுதலாகச் சமைத்துச் சூடாக வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். சில மணி நேரம் வைக்கலாம், வைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அடுப்பில் இடம் அளவானது. மிஞ்சிய கறியின் நட்டம் பெரியது. எரிவாயு அடுப்பு போதாதா என்றால், மென்மைக்குப் போதும், விறகின் மணத்துக்குப் போதாது. விலையைப் பற்றிய குறைதான் வலுவானது: ஒருகாலத்தில் மலிவாய்க் கிடைத்த துண்டுக்கு இன்று இவ்வளவு விலையா? கொழுப்பைச் சீவியதும் நீர் வற்றியதும் போக, வாங்கிய எடையில் ஏறக்குறைய பாதிதான் தராசுக்கு வருகிறது. இரவெல்லாம் விறகு தள்ளியவருக்கும் கூலி தர வேண்டும். 2024-இல் டெக்சாஸின் சில பார்பிக்யூ கடைகளுக்கு, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரம் கிடைத்த பிறகு விலை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வரிசையில் நிற்க மனமில்லாதவர்கள், கூட்டம் குறைந்த கிழமையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது.