பாதணிக்குள் ஒரு சிறு கல்



ஞாயிறு திருப்பலியில் நற்கருணை பெறுவதற்காக வரிசையில் நிற்கின்றீர்கள். எதிர்பாராத ஒரு கணத்தில், இறைவனைப் பழிக்கும் கொடிய சொல்லொன்று உள்ளத்தில் எழுகின்றது. அல்லது, அருகில் நிற்கும் உங்கள் குழந்தைக்கே தீங்கிழைப்பது போன்றதொரு காட்சி மின்னலெனத் தோன்றி மறைகின்றது. உடல் நடுங்குகின்றது. “நானா இப்படி நினைத்தேன்? இது சாவான பாவமன்றோ?” என்று திகைத்து, நற்கருணை பெறாமலே திரும்பி விடுகின்றீர்கள். அன்று மாலையே பாவசங்கீர்த்தனம் செய்கின்றீர்கள். ஆனால் வீட்டுப் படலையைத் திறக்குமுன்பே, “எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா?” என்ற ஐயம் பிடித்துக்கொள்கின்றது.

இவ்வேதனையை எவரிடமும் சொல்ல வெட்கித் தனியே சுமப்பவர்கள் நம் குடும்பங்களிலும் உள்ளனர். அவர்களுக்காகவே இவ்வாரச் சிந்தனை.

திருச்சபை இத்துன்பத்தை நெடுங்காலமாக அறியும். இதனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘ஸ்குறூப்புலுஸ்’ என்பதற்குக் கூரிய சிறு கல் என்பது பொருள். பாதணிக்குள் புகுந்த சிறு கல் ஒவ்வோர் அடியிலும் உறுத்துவது போல, இந்த மனநெருடலும் ஓயாது உறுத்துகின்றது.

புனித லொயோலா இஞ்ஞாசியார் இதனை அனுபவித்தவர். 1522இல் மொன்செராற் திருத்தலத்தில் தம் வாழ்நாட் பாவங்களை எழுதி வைத்து, மூன்று நாட்களாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆயினும் மன்றேசா நகரில் தங்கியிருந்த மாதங்களில், எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. மிகத் தெளிவாகத் தெரிபவற்றைத் தவிரப் பழைய பாவங்களை மீண்டும் அறிக்கையிட வேண்டாம் என்று ஆன்ம குரு பணித்தார். ஆனால் அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைகூட அவருக்கு எழுந்தது. ஒரு வாரம் உண்ணா நோன்பிருந்தும் முழு விடுதலை கிட்டவில்லை. இறுதியில், பழைய பாவங்களை இனி ஒருபோதும் அறிக்கையிடுவதில்லை என்று உறுதிபூண்டபோதே அவர் விடுதலை பெற்றார். பின்னர் தமது ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் இத்தகைய நெருடல்களைப் பற்றித் தனிக் குறிப்புகளும் எழுதி வைத்தார்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவும் 1885இல், தமது பன்னிரண்டாவது வயதில், இத்துன்பத்துக்குள்ளாகி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் வருந்தினார். எனவே இத்தகைய எண்ணங்கள் வருவது புனிதமின்மையின் அடையாளமன்று.

இன்றைய உளவியல் இதனை ‘எண்ணச் சுழற்சி நோய்’ அல்லது ‘ஓ.சி.டி.’ என்று அழைக்கும் நோயின் ஒரு வடிவமாகக் காண்கின்றது. இதில் நம் நாட்டவர் ஒருவரின் பங்களிப்பும் உண்டு. இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வா, ஸ்ரான்லி றக்மன் என்பவருடன் இணைந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இந்நோய் இல்லாதவர்களிடம் வினவியபோது, ஐவரில் ஏறத்தாழ நால்வர் தங்களுக்கும் இத்தகைய விரும்பத்தகாத எண்ணங்கள் வருவதாகக் கூறினர். நோயுற்றோரின் எண்ணங்களும் ஏனையோரின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் பெரிதும் ஒத்திருந்தன.

அவ்வாறாயின் வேறுபாடு எங்குள்ளது? எண்ணத்துக்கு நாம் கொடுக்கும் பொருளில்தான். ஒருவர் அதனைப் பொருட்படுத்தாது கடந்து செல்கின்றார். மற்றவரோ, “இதுவே என் உண்மை முகம்” என்று அஞ்சி அதனோடு போராடுகின்றார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னால், அதுவே மீண்டும் மீண்டும் நினைவில் வந்து நிற்கும். 1987இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வு இதனைக் காட்டியது. அச்சத்தைத் தணிக்க ஒரே செபத்தைப் பத்து முறை சொல்கின்றோம், கைகளைக் கழுவுகின்றோம், மீண்டும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடுகின்றோம். சிறிது நேரம் ஆறுதல் கிடைக்கின்றது. அந்த ஆறுதலே அடுத்த அச்சத்துக்கு உணவாகின்றது.

சாவான பாவத்துக்கு மூன்று காரியங்கள் வேண்டும் என்று மறைக்கல்வி நமக்குக் கற்பிக்கின்றது: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். விரும்பாமலே வந்து, உங்களை நடுங்க வைக்கும் எண்ணத்தில் சம்மதம் எங்கே உள்ளது? வாசலில் நாய் குரைப்பதால் வீட்டுக்காரர் குரைத்ததாகாது.

இங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குருக்களாகிய நாமும் சிலவேளை, “இன்னும் அதிகமாகச் செபியுங்கள்” என்று கூறி அனுப்பி, அறியாமலே அச்சுமையைக் கூட்டியிருக்கின்றோம். செபம் நல்லது, ஆனால் அச்சத்தைத் துரத்தும் சடங்காக அது மாறிவிடலாகாது.

ஆகவே, ஒரே ஆன்ம குருவிடம் செல்லுங்கள். “போதும், மீண்டும் சொல்ல வேண்டாம்” என்று அவர் கூறினால், ஐயம் தீராத போதும் கீழ்ப்படியுங்கள். தாமும் இந்நெருடலால் வருந்திய, ஒப்புரவு வழங்கும் குருக்களின் பாதுகாவலரான புனித அல்போன்ஸ் லிகோரியார் காட்டிய வழி இதுவே. குடும்பத்தவர்களே, “நான் பாவம் செய்தேனா?” என்று நூறு முறை கேட்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், நூறு முறை பதில் சொல்லவும் வேண்டாம். அன்போடு அருகில் இருங்கள்.

உளநல மருத்துவரை நாடவும் தயங்காதீர்கள். அச்சத்தை எதிர்கொண்டு, வழமையான சடங்கைச் செய்யாதிருக்கப் பழக்கும் சிகிச்சையும் தகுந்த மருந்துகளும் பலருக்கு நற்பலன் தருகின்றன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் உதவி கேட்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுமாயின் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவன்று. அவருடைய கைகளும் இறைவனின் கொடையே.

நம் இதயம் நம்மைக் குற்றஞ்சாட்டினாலும், கடவுள் அந்த இதயத்தை விடப் பெரியவர் என்பதே யோவானின் முதல் திருமுகம் நமக்குத் தரும் நம்பிக்கை. வரும் ஞாயிறன்று அதே வரிசையில் நில்லுங்கள். அந்த எண்ணம் மீண்டும் வந்தால், அது வந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் திரும்பிச் செல்லாமல், பீடத்தை நோக்கி அடுத்த அடியை எடுத்து வையுங்கள்.